வெப்பந்தாங்கும் விடை: திருமயம் வட்டத்தை முன்னிறுத்தி ஓர் ஆராய்ச்சி

வெப்ப நாடுகளில் ஊனுக்கென வளர்க்கப்பெறும் மாடுகள் வெயிலைத் தாங்கும் திறனைப் பற்றி ஆராயப் புகுவார்க்குப் புதுக்கோட்டை மாவட்டத்துத் திருமயம் நினைவுக்கு வருதல் அரிது. அவ்வட்டத்தில் ஏருக்கும் வண்டிக்கும் கவலைக்கும் எருவுக்குமாக மாடு வளர்த்தனரேயன்றி ஊனுக்கென ஓரினத்தைப் பேணியதாகச் சான்று இல்லை. எனினும் இன்று பிரேசில் நாட்டு ஊன் வாணிகத்துக்கு அடிப்படையாய் நிற்கும் மாடுகள் பழைய சென்னை மாகாணத்து மாடுகளின் வழிவந்தவை. அந்நாட்டார் அவற்றை விரும்பி ஏற்றமைக்கு வெயில் தாங்கும் ஆற்றலே தலையாய காரணம். இவ்வாற்றலைப் பிறந்த மண்ணில் நெடுங்காலம் எவரும் அளந்து பாராமைக்கும், கடல் கடந்தவிடத்து அளந்து பார்த்தமைக்கும் உரிய காரணத்தை நாடுவதே இக்கட்டுரையின் நோக்கம். திருமயத்தை முன்னிறுத்துவது, தமிழகத்து வறண்ட நிலங்களுக்கெல்லாம் அஃது ஒரு நல்ல சான்றாக அமைதலின்.

நிலமும் உடலும்

திருமயம் பாறையும் செம்மண்ணும் கண்மாயும் கலந்த நிலப்பகுதி. 1687ஆம் ஆண்டில் சேதுபதி மன்னர் எடுப்பித்த கோட்டை நிற்கும் குன்றும், அதன் சரிவில் குடையப்பெற்ற சத்தியகிரீசுவரர், சத்தியமூர்த்திப் பெருமாள் ஆகிய இருவர் கோயில்களும் அவ்வூரின் இயல்பைக் கண்டார்க்கு உடனே அறிவிப்பன. ஆற்றுப் பாசனம் இன்றி மழை நீரைத் தேக்கிய கண்மாய்களை நம்பியே உழவு நடைபெற்றது. சித்திரை, வைகாசித் திங்களில் நண்பகல் வெம்மை 38 பாகை செல்சியசை எளிதிற் கடக்கும். பாறை பகலில் வாங்கிய வெம்மையை இரவின் முற்பகுதி வரை விடாது உமிழும்.

இவ்வெண்ணைக் குறித்தற்குக் காரணம் உண்டு. மாட்டின் உடல் வெப்பம் இயல்பில் 38 பாகைக்கும் 39 பாகைக்கும் இடைப்பட்டது. சூழ்ந்துள்ள காற்று உடலினும் குளிர்ந்திருக்குமாயின் உள்வெம்மை தானே வெளியேறும். காற்றும் உடலும் ஒத்த வெம்மையுடையனவாயின் அவ்வழி அடைபடும். பின்னர் எஞ்சுவது நீர் ஆவியாதல் ஒன்றே. தோலின் வியர்வை ஒரு வழி, மூச்சிரைப்பு மற்றொரு வழி. இவ்வெம்மை வெயிலிலிருந்து மட்டும் வருவதுமன்று. அசைபோடும் விலங்கின் பெருவயிற்றில் தீனி நொதிக்குங்கால் வெம்மை பிறக்கும்; பால் சுரத்தலும் தசை வளர்தலும் அதனை மேலும் பெருக்கும். ஆதலின் மிகுதியாகத் தின்று மிகுதியாகப் பால் கறக்கும் மாடும், விரைந்து ஊன் வைக்கும் மாடும் தம்முள்ளேயே ஓர் உலையைச் சுமந்து திரிகின்றன எனலாம். திருமயத்துக் கோடையில் அவ்வுலையைத் தணிப்பது எங்ஙனம் என்பதே வினா.

இலக்கியம் காட்டும் வேறுபாடு

பழந்தமிழ்ப் புலவர் இவ்வினாவை எழுப்பினாரல்லர். ஆயினும் அவர்தம் நிலப்பாகுபாட்டில் இதற்கொரு குறிப்பு அடங்கியுள்ளது. மருதத்துக்குரிய விலங்காக எருமை கூறப்பெறும். ஆநிரை மேய்த்தலும் ஏறுகோடலும் முல்லைக்குரிய தொழில்கள். எருமை நீர்நிலையிற் படிந்து கிடத்தலை மருதப் பாடல்கள் மீண்டும் மீண்டும் காட்டும். கருந்தோலும் குறைந்த வியர்வைச் சுரப்பிகளும் உடைய எருமை, நீரிலும் சேற்றிலும் புரண்டாலன்றி வெயிலைத் தாங்காது என இன்றைய உடலியலார் கூறுவர். ஆனினமோ நீரிற் படியாமலே புன்செய்க் காட்டில் மேய்ந்து திரிய வல்லது. இரண்டையும் இருவேறு நிலத்துக்கு உரியவாக வகுத்த புலவர், விலங்கின் தோலை ஆராய்ந்து அங்ஙனம் செய்தார் என்பது என் கருத்தன்று. கண்டதைக் கண்டவாறு வகுத்தனர்; அவ்வகுப்பு உடலியலோடு பொருந்தி வருகின்றது.

பாலையிலும் ஆனினத்தின் ஆண் காணப்படுகின்றது. உப்பு வணிகராகிய உமணர் பகடு பூட்டிய வண்டிகளை ஓட்டிச் சுரம் கடந்தமை சங்கப் பாடல்களில் பரந்து வரும் செய்தி. புறநானூறு அவ்வண்டியின் சேமஅச்சைக் கூறுகின்றது. வழியில் அச்சு முறிதல் அவர்கள் அஞ்சிய இடர். அந்நூலின் பிறிதொரு பாட்டு, முடம்பட்டமையால் நீரும் புல்லும் ஈயாது உமணர் துறந்து போன பகட்டை உவமையாக்குகின்றது. பகட்டைக் கைவிடச் செய்தது முடம் என்பதை ஈண்டு நோக்குக. வெயிலில் எருது வீழ்தல் என்னும் நிகழ்ச்சி அவ்வுவமைக்குத் தேவைப்படவில்லை. இடுக்கணழியாமையைக் கூற வந்த திருவள்ளுவரும் பகட்டையே உவமையாகக் கொண்டார்; அங்கும் இடர் என்பது நெறியின் கரடுமுரடே.

ஊனுண்டல் பற்றியும் ஒரு சொல். பாலைநிலத்து மழவர் கொழுத்த ஆவைத் தின்றமை அகநானூற்றில் வெளிப்படையாகவே கூறப்பெறும். பிற்காலத்து உரைகாரர் சிலர் கூச்சத்தோடு கடந்து செல்லும் இத்தகைய இடங்களை வரலாற்று மாணவர் மறைத்தல் கூடாது. ஆனால் அவ்வூன் கவர்ந்த நிரையின் ஊன். வளர்த்தெடுத்த இனத்தின் ஊன் அன்று. ஆநிரையைக் கவர்தலும் மீட்டலும் நடுகல்லுக்குக் காரணமாயின. 2006ஆம் ஆண்டில் தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் வெளிப்பட்ட தமிழ்ப் பிராமி நடுகற்கள் அவ்வழக்கத்தின் பழமையை ஐயமறக் காட்டின. நெடுந்தொலைவு விரைந்து ஓட்டப்பெறும் நிரை வெயிலைத் தாங்காததாயின் வெட்சிப் போர் என்பதே நிகழ்ந்திராது.

முல்லைக்கலியில் ஏறுகள் நிறத்தால் பிரித்துரைக்கப்படுகின்றன: காரி, வெள்ளை, சேய், குரால், புகர் எனப் பல. இப்பன்மையை இன்றைய காங்கேய இனத்தின் சாம்பல் நிறத்தோடு ஒப்பிட்டு நோக்குதல் வேண்டும். காங்கேயக் கன்று பிறக்கும்போது செந்நிறம். சில திங்களில் சாம்பல் நிறமாகும். காளைக்குத் திமிலிலும் முன்னும் பின்னும் கருமை ஏறும். மயிரோ வெண்மை, அதன் கீழுள்ள தோல் கருமை. வெண்மயிர் வெயிலைத் திருப்பி அனுப்ப, கருந்தோல் கதிரின் தீங்கைத் தடுக்கும். வெப்ப நாட்டு விலங்கிற்கு இதனினும் பொருத்தமான போர்வை அரிது. முல்லைக்கலிப் பன்னிறத்திலிருந்து இவ்வொரு நிறம் மேலோங்கியமைக்கு மேய்ச்சல் நிலத்தின் வெயிலும் உழவர் தெரிவும் ஒருங்கே காரணமாயிருத்தல் கூடும். இதனை முடிந்த முடிபாகக் கூறேன். மஞ்சுவிரட்டு மாடுகளில் மயிலையும் செவலையும் காரியும் இன்றும் கலந்தே காணப்படுதல், பழைய பன்மை முற்றும் அழியவில்லை என்பதைக் காட்டும்.

கல்வெட்டுச் சான்று ஒன்று இவ்வாராய்ச்சிக்கு எதிர்பாராத துணை செய்கின்றது. தஞ்சைப் பெருவுடையார் கோயிலில் முதலாம் இராசராசன் காலத்துத் திருவிளக்குக் கொடைகளில், ஒரு விளக்குக்கு 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை என ஈடு வகுக்கப்பட்டுள்ளது. ஓர் எருமை மூன்று பசுவுக்கு நேர். விளக்குக்கு வேண்டியது நெய் ஆதலின் இவ்வீடு பாற்பயனைப் பற்றியது. பசு கறவையால் மதிக்கப்பெறவில்லை. ஏர் இழுக்கும் எருதை ஈன்று தருதலே அதன் பெருமை. குறைவாகக் கறத்தலும் வெயிலைத் தாங்குதலும் ஓருடலின் இருபுறம் என்பதை மேலே கண்டோம். சோழர் காலத்துக் கணக்கர் எழுதி வைத்த ஈடு அவ்வுடலின் ஒருபுறத்தை நமக்கு எண்ணாற் காட்டுகின்றது.

ஆவணங்களின் மௌனம்

ஆங்கிலேயர் ஆட்சியில் தென்னாட்டு மாடுகளைப் பற்றிய நூல்கள் எழுந்தன. கால்நடைத் துறையைச் சார்ந்த கன் என்பார் 1909ஆம் ஆண்டில் தென்னிந்திய மாடுகளைப் பற்றிய தம் நூலை வெளியிட்டார். ஓசூர்ப் பண்ணையோடு தொடர்புடைய லிட்டில்வுட் 1936ஆம் ஆண்டில் தென்னிந்தியக் கால்நடைகளைப் பற்றி எழுதினார். இனங்களின் உருவம், கொம்பு, நடை, விலை, சந்தை, மேய்ச்சல் நிலம் ஆகியவற்றை அவர்கள் நுணுகி விளக்கினர். பழையகோட்டைப் பட்டக்காரர் பேணிய காங்கேய மந்தையும், கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேலும் கிளுவை வேலியும் கொண்ட கொங்குநாட்டுக் கொறங்காடும் ஆய்வாளர் பலரையும் கவர்ந்தன. ஆனால் வெப்பந்தாங்கும் திறன் தனியொரு பொருளாக அளக்கப்படவில்லை. எல்லா மாடும் தாங்கும் வெயிலை எதனோடு ஒப்பிட்டு அளப்பது? ஒப்பீட்டுக்குரிய மற்றோரினம் உழவர் தொழுவில் இல்லை.

திருமயம் அக்காலத்தில் புதுக்கோட்டைத் தனியரசுக்கு உட்பட்டது. 1948 மார்ச்சுத் திங்களில்தான் அவ்வரசு சென்னை மாகாணத்தோடு இணைந்தது. ஆதலின் சென்னை அலுவலர் நேரே ஆண்ட நிலமுமன்று. பெயர் பெற்ற இனம் எதற்கும் அது தாயகமாகவும் இல்லை. கிடைமாடு ஓட்டும் கீதாரிகளும் உள்ளூர் உழவரும் வளர்த்த மாடுகளைப் பொதுவாக ‘நாட்டு மாடு’ என்றே வழங்கினர். இனப்பெயர் இல்லாத பொருள் ஏட்டில் ஏறுதல் அரிது.

கடல் கடந்த விடை

சென்னை மாகாணத்து வடவெல்லையில், அன்றைய நெல்லூர் மாவட்டத்து ஒங்கோல் வட்டாரத்தில் வளர்ந்த வெண்ணிறப் பெருமாடு, உழவுக்கும் பாலுக்கும் உரியதாக ஆந்திர உழவரால் போற்றப்பெற்றது. 1868ஆம் ஆண்டில் இவ்வினத்தின் இணையொன்று பிரேசிலின் பாகியாத் துறைமுகத்தில் இறங்கியது. 1878இல் லெம்குருபர் என்னும் பிரேசில் நிலக்கிழார், செருமனியின் ஆம்பர்க்கு நகரத்து விலங்குக் காட்சியில் ஒங்கோல் மாடுகளைக் கண்டு வாங்கிச் சென்றார். தென்னாட்டுக் காளை செருமானியக் காட்சிக்கூட்டின் வழியே தென்னமெரிக்கா சேர்ந்தமை வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று. பெரும் இறக்குமதிகளுள் கடைசியானது 1960களின் தொடக்கத்தில் நிகழ்ந்தது. அப்போது சென்ற காளைகளுள் ‘கரவதி’ என ஒங்கோலை அடுத்த சிற்றூரின் பெயரையே தாங்கிய ஒன்று, பிரேசில் இனப்பதிவேடுகளில் பெரும்புகழ் எய்தியது. இனத்துக்கு அவர்கள் இட்ட பெயர் ‘நெலோர்’; நெல்லூர் என்பதன் திரிபு. இருபது கோடிக்கு மேற்பட்ட அந்நாட்டு மாடுகளுள் மிகப்பெரும்பகுதி திமிலுடைய இனத்தின் குருதி கலந்தவை.

ஐரோப்பிய இனங்கள் போர்த்துகீசியரோடு முன்னரே அங்குச் சென்றிருந்தன. வெயிலும் உண்ணியும் கரடான புல்லும் உள்ள உள்நாட்டுப் புல்வெளிகளில் ஐரோப்பாவின் உயரிய ஊன்மாடுகள் தளர்ந்தவிடத்து நெலோர் தழைத்தது. ஒங்கோல் உழவர் ஊனை எண்ணி இவ்வினத்தை ஆக்கினாரல்லர். ஏர் இழுக்கவென ஆக்கிய உடலில், வெயிலைத் தாங்கும் தோல் உடன் வந்தது. பிரேசிலர் அத்தோலை வைத்துக்கொண்டு தசையைத் தெரிந்து பெருக்கினர்.

வட அமெரிக்காவின் தென்பகுதியிலும் இதனை ஒத்த வரலாறு உண்டு. 1854இல் லூசியானாவின் பாரோ என்னும் தோட்ட உரிமையாளர் இந்தியக் காளைகள் இரண்டைப் பெற்றார். பின்னர்க் கிர், குசராத்து, நெலோர் முதலிய இனங்கள் கலந்து ‘பிராமன்’ என ஓரினம் உருவாயிற்று. டெக்சாசின் கிங் பண்ணையில் பிராமனையும் சார்ட்டார்ன் இனத்தையும் கலந்து ஆக்கிய ‘சாந்தா கெர்துரூடிசு’ 1940இல் தனியினமாக ஏற்கப்பெற்றது. மேல்நாட்டு மாடும் கீழ்நாட்டு மாடும் ஒரே வெயிலில் அருகருகே நின்ற அந்நிலத்தில்தான் அளக்கும் தேவை பிறந்தது.

லூசியானாவின் ஐபீரியா ஆய்வுப் பண்ணையில் ரோடு என்னும் அறிஞர் வகுத்து 1944இல் வெளியிட்ட முறை மிக எளியது. மாடுகளை வெயிலில் நிறுத்தி, முற்பகல் பத்து மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் உடல் வெப்பம் பார்ப்பர். இயல்பு வெப்பமாகிய 101 பாகை பாரன்கீட்டுக்கு மேல் எத்துணை ஏறியதோ அதனைப் பத்தாற் பெருக்கி நூறிலிருந்து கழிப்பர். 103 பாகை ஏறிய மாட்டின் மதிப்பெண் 80. சிறிதும் ஏறாததன் மதிப்பெண் 100. இவ்வளவையில் திமிலுடைய இனம் முன்னும், கலப்பினம் இடையிலும், ஐரோப்பிய இனம் பின்னும் நின்றன. வெப்பமானி ஒன்றும் பொறுமையும் இருப்பின் திருமயத்துத் தொழுவிலும் செய்யத்தக்க ஆய்வு இது.

திமிலா, தோலா?

வெப்பந்தாங்கும் திறன் உடலின் எவ்வுறுப்பில் உள்ளது? தமிழர்க்கு ஆனேற்றின் அடையாளம் இமிலே. திமிலையும் கழுத்தின்கீழ்த் தொங்கும் அலைதாடியையும் கண்ட மேல்நாட்டாரும், பரப்பு மிகுதியால் இவை உடலைக் குளிர்விக்கும் எனக் கருதினர். 1950களில் மெக்டவல் முதலியோர் அமெரிக்காவில் சிந்திக் காளைகளின் திமிலையும் அலைதாடியையும் அறுவையால் நீக்கிப் பார்த்தனர். வெயில் தாங்கும் திறன் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. கொடியதோர் ஆய்வாயினும் நெடுநாள் நிலவிய கருத்தொன்றை அது வீழ்த்தியது.

1956இல் ஆத்திரேலியரான நே, ஏமன் ஆகிய இருவரும் தோலை நுணுக்கி நோக்கி, திமிலினத்தின் வியர்வைச் சுரப்பிகள் பெரியனவாகவும் செறிந்தும் இருத்தலைக் காட்டினர். குட்டையான வழவழப்பான மயிர், வியர்வை விரைந்து ஆவியாதற்கு இடந்தரும். மிசூரிப் பல்கலைக்கழகத்தில் பிராடி தலைமையில் 1940களின் இறுதி முதல் நிகழ்ந்த ஆய்வுகள் மற்றோர் உண்மையைத் தெளிவாக்கின: ஐரோப்பிய கறவை ஏறத்தாழ 24 முதல் 27 பாகை செல்சியசுக்கு மேல் தீனியும் பாலும் குறையத் தொடங்க, பிராமன் 32 பாகைக்கு மேலும் நிலைகுலையாது நின்றது. பிராமன் உள்ளே பிறப்பிக்கும் வெம்மையே குறைவு. புளோரிடாவின் ஆன்சன் 2004இல் தொகுத்துரைத்தவாறு, உயிரணு அளவிலும் இவ்வினம் வெம்மையை எதிர்த்து நிற்கும். திமில் இப்பண்புகளுக்கு உறைவிடம் அன்று. அவற்றையுடைய இனத்தை இனங்காட்டும் கொடி.

இத்திறன் பண்டே ஒருமுறை கடல்வழியும் நிலவழியும் அயலார் நாட்டை அடைந்திருத்தல் வேண்டும். மேற்காசியத்துத் தொல்மாட்டு எலும்புகளின் மரபணுவை ஆராய்ந்து 2019இல் வெளிவந்த ஆய்வு, இற்றைக்கு ஏறத்தாழ 4000 ஆண்டுகளுக்கு முன்னர்ச் சிந்துவெளி சார்ந்த திமிலினக் காளைகளின் கலப்பு அங்கு விரைந்து பரவியதைக் காட்டியது. அக்காலத்தை ஒட்டிப் பெருவறட்சி ஒன்று நேர்ந்தமையால், வறட்சி தாங்கும் காளையை அந்நாட்டார் நாடிக் கொண்டனர் என அவ்வாய்வாளர் கருதுகின்றனர். பிரேசிலில் நிகழ்ந்ததற்கு இது முன்னோடி.

தாயகத்து நிலை

படைத்துறைப் பால்பண்ணைகள் அயர்சயர், பிரீசியன் காளைகளைக் கொண்டு செய்த கலப்பில், பாதிக்குருதி உடைய பசு சிறந்து நிற்றலும், மேல்நாட்டுக் குருதி மிக மிக நோயும் மலட்டுத் தன்மையும் மிகுதலும் பொதுவாகக் காணப்பெற்றன. ஆயினும் 1960களுக்குப் பின்னர்த் தமிழகத்தில் கலப்பினம் பரவியது. சமவெளிக்கு ஜெர்சி, மலைநிலத்துக்குப் பிரீசியன் என்பது கொள்கை. சிறிய உடலும் ஓரளவு வெயில் தாங்கும் இயல்பும் உடைய ஜெர்சியைச் சமவெளிக்குத் தெரிந்தமை அறிவுடைமையே. பால் பெருகியது, நிலமற்ற குடும்பங்களுக்கு நாள்தோறும் காசு கிடைத்தது. இதனைக் குறைத்து மதிப்பிடுதல் நேர்மையாகாது.

ஆனால் அதே காலத்தில் உழுபொறியும் நீரிறைக்கும் பொறியும் எருதின் இடத்தைப் பற்றின. வெப்பந்தாங்கும் திறனை இங்கு எவரும் அதற்காகவே பேணியதில்லை. எருதின் உழைப்பை விலைகொடுத்து வாங்கியபோது அதுவும் உடன் வாங்கப்பெற்றது. உழைப்புக்கு விலை போனவுடன் தோலுக்கும் விலை போயிற்று. பிரேசிலர் ஊனின் பொருட்டேனும் அதனைக் கணக்கில் ஏற்றினர். நம் கணக்கில் அதற்குத் தனிப்பத்தி இல்லாமையால், அது குறைந்தபோது குறைந்ததென எழுதுவாரும் இலர். மணப்பாறை போன்ற சந்தைகளில் பல்லும் சுழியும் மடியும் பார்த்து விலை பேசுவர்; உழைப்பு ஓய்ந்த எருதும் வேண்டாத காளைக் கன்றும் கேரளத்துக்கு ஊனுக்காகச் செல்லும். ஊன்மாடு என ஓரினத்தை வளர்க்காத நாட்டில், ஊனே நாட்டு மாட்டின் இறுதிப் பயனாயிற்று.

திருமயத்துக்குத் தெற்கே, சிவகங்கை மாவட்ட எல்லைக்குள் அமைந்த செட்டிநாட்டு அரசுப் பண்ணையில் தார்ப்பாலை நிலத்துத் தார்ப்பார்க்கர் மாடுகளைக் கொணர்ந்து வளர்த்தமை சிந்திக்கத்தக்கது. வெயில் தாங்கும் கறவையை நாடியவர்கள் இராசத்தானத்தை நோக்கினர். பண்ணையைச் சூழ்ந்த ஊர்களிலேயே புலிக்குளம் இனத்துக் கிடைமாடுகள் கோடையில் தாள்நிலங்களில் மேய்ந்து, இரவில் வயல்களில் அடைபட்டு எருவிட்டு வந்தன. அவை கறவைக்குரியன அல்ல என்பது உண்மை. எனினும் மஞ்சுவிரட்டின் பொருட்டும் எருவின் பொருட்டும் இன்றுவரை அழியாது நிற்கும் அம்மந்தைகளே, தென்பாண்டி நாட்டு வெயிலில் தெரிந்தெடுக்கப்பட்ட உடலை நம்மிடம் எஞ்சவிட்டிருப்பவை. 2017ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின்னர்க் காளை வளர்ப்போர் ஊக்கம் பெற்றனர். ஆனால் காளையின் விலை களத்தில் அது நிற்கும் நேரத்தைப் பொறுத்தது. பசுவை எவர் காப்பார் என்பது விடை காணப்படாத வினா.

தமிழ் ஆய்வாளர்க்கு இதில் தொழில் உண்டு. கீதாரிகளும் உழவரும் மாட்டின் வெம்மைத் துன்பத்தைக் குறிக்க வழங்கும் சொற்கள் பல. இளைத்தல், இரைத்தல், நுரை தள்ளுதல், நாத் தள்ளுதல், அசை மறத்தல் என்பன ஒரே பொருள் தரும் சொற்கள் அல்ல. துன்பம் ஏறும் படிநிலைகளை அவை குறிப்பனவாகத் தோன்றுகின்றன. எந்நிலையில் ஏரை அவிழ்ப்பர், எந்நிலையில் நீர் காட்டுவர், எந்நிலையில் நீர் காட்டாது முதலில் நிழலிற் கட்டுவர் என்பவற்றை வட்டாரந்தோறும் கேட்டுத் தொகுத்தால், ரோடு வெப்பமானியால் வகுத்த அளவையோடு வைத்து ஒப்பிட இயலும். எருது பூட்டி உழுத தலைமுறையினர் திருமயம் வட்டத்துச் சிற்றூர்களில் இன்னும் உளர். அவர்கள் பெரும்பாலும் எழுபது அகவையைக் கடந்தவர்கள்.